ஓய்வுக்குப் பின் படைச் சீருடை (அமெரிக்கா)

பணி ஓய்வு பெற்ற படைவீரர், விழாக்களில் தம் சடங்குச் சீருடையை அணியும் உரிமை. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தொகுப்பின் 10ஆம் தலைப்பு, 772ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. ஓய்வுபெற்ற அதிகாரி தம் ஓய்வுநிலைப் பதவிப் பெயரைத் தாங்கலாம். அப்பதவிக்குரிய சீருடையையும் அணியலாம்.

தரைப்படையில் இவ்வுரிமையின் நடைமுறையை ‘670-1’ ஒழுங்குவிதி வகுக்கிறது. படை மரியாதையுடன் நடக்கும் இறுதிச் சடங்கு, நினைவஞ்சலி, திருமணம், தேசிய விடுமுறை நாள் அணிவகுப்பு ஆகியவை ஏற்ற தருணங்கள். அரசியல் கூட்டம், வணிகம், தனியார் வேலை ஆகியவற்றுக்குத் தடை உண்டு. சீருடையின் மதிப்பைத் தனிநலனுக்குப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்பதே இத்தடையின் நியாயமான நோக்கம்.

ஓய்வுபெற்ற நாளில் வழக்கிலிருந்த சீருடை, இன்று பணியிலிருப்போரின் சீருடை இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். கலந்து அணியக் கூடாது. 1990இல் பச்சைச் சீருடையுடன் ஓய்வுபெற்றவர் மகளின் திருமணத்துக்கு அதையே அணிந்து வரலாம். ஆனால் அந்தப் பச்சைக் கோட்டுக்கு, பிற்காலத்து நீலச் சீருடையின் கால்சட்டை கூடாது. பதக்கங்களையும் நாடாக்களையும் பணியிலிருப்போருக்கான அதே முறைப்படி குத்த வேண்டும்.

உரிமையின்றிப் படைச் சீருடை அணிவோருக்கு 18ஆம் தலைப்பு, 702ஆம் பிரிவின்படி அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.