ரூபாய்க்குக் காலணா கொடுத்து ரயில் வாங்கினவங்க

"அரசாங்க பஸ் நஷ்டத்துலதான் ஓடுது, அதுல இன்னும் எதுக்குப் பணத்தைக் கொட்டணும்?" எங்க பக்கத்துல பஸ் பேச்சு எடுத்தாலே இந்தக் கேள்வி வந்துடும். நியாயமான கேள்விதான். நம்ம வரிப்பணம், கேட்கத்தான் வேணும். ஆனா இது ஏதோ இன்னைக்குப் புதுசா வந்த கேள்வி மாதிரி பேசுறோம். நம்ம தாத்தன் பூட்டன் காலத்துலயே இதைக் கேட்டு, அதுக்கு ஒரு பதிலும் கண்டுபிடிச்சிருக்காங்க. அந்தப் பழைய கதையை எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இங்க எழுதி வைக்கிறேன்.

முதல்ல தஞ்சாவூருக்குப் போயிட்டு வரணும். பாண்டிச்சேரிக்காரனுக்குத் தஞ்சாவூர்ல என்ன வேலைன்னு நினைக்காதீங்க. காரைக்கால் வழியா திரும்பி வந்துடுவோம்.

வெள்ளைக்காரன் காலத்துல ஜில்லா போர்டுன்னு ஒண்ணு இருந்தது. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அதோட பொறுப்பு. தஞ்சாவூர் ஜில்லா போர்டுக்கு ஒரு யோசனை வந்தது. ரயில் கம்பெனி தனக்கு லாபம் வர்ற ஊருக்குத்தான் தண்டவாளம் போடும். நம்ம உள்நாட்டு ஊருங்களுக்கு அது எப்ப வரும்னு காத்திருந்தா தலைமுறை ஓடிடும். அதனால நாமளே போட்டுக்குவோம்னு முடிவு பண்ணினாங்க. பணத்துக்கு வழி? நிலத்துக்குக் கட்டுற வரியோட ரூபாய்க்கு மூணு பை கூடுதல் வரி.

இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பை கணக்கு தெரியாது. பன்னிரண்டு பை ஒரு அணா, பதினாறு அணா ஒரு ரூபாய். மூணு பைன்னா காலணா. நூறு ரூபாய்க்குக் கணக்குப் போட்டா ஒரு ரூபாய் ஒன்பதணா வருது. அந்தக் காலத்து விவசாயிக்கு அது சின்னக் காசு இல்ல. ஆனா தாங்க முடியாத காசும் இல்ல.

அப்படிச் சேர்ந்த பணத்துல 1894-ல மாயவரத்துல இருந்து முத்துப்பேட்டை வரைக்கும் சுமார் 54 மைல் தூரத்துக்கு ரயில் ஓடிச்சு. மாயவரம்னா இப்ப மயிலாடுதுறை. பேரளம், பூந்தோட்டம், நன்னிலம், திருவாரூர், திருத்துறைப்பூண்டின்னு எல்லாம் நெல்லு விளையுற ஊருங்க. அப்புறம் 1903-ல அந்தப் பாதை அறந்தாங்கி வரைக்கும் நீண்டது. ரயிலை ஓட்டினது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. பாதை மட்டும் ஜில்லா போர்டுக்குச் சொந்தம். வருமானத்துல ஒரு பங்கு போர்டுக்கே திரும்பி வந்தது.

இதுல ஒண்ணையும் மறைக்காம சொல்லணும். அந்த போர்டுல உட்கார்ந்திருந்தது பெரிய மிராசுதாருங்க, அதுக்கு மேல கலெக்டர். வயல்ல இறங்கி நாத்து நட்ட ஜனத்தை யாரும் கேட்கல. இருந்தாலும் ஒண்ணு நடந்தது. எந்த ஊர்ல ரயில் நிக்கணும்னு லண்டன்ல இருக்கிற பங்குதாரர் மட்டும் முடிவு பண்ணல. வரி கட்டின ஜில்லாவுக்கும் அதுல ஒரு வாய் இருந்தது.

இப்ப காரைக்காலுக்கு வருவோம். அது பிரெஞ்சுக்காரங்க ஊரு. பக்கத்துல தஞ்சாவூர் ஜில்லாவுல ரயில் ஓடுறதைப் பார்த்துட்டு பிரெஞ்சு அரசாங்கம் சும்மா இருக்கல. தன் செலவுல பேரளத்துல இருந்து காரைக்காலுக்கு 15 மைலுக்குக் கொஞ்சம் குறைவான தூரத்துக்கு ஒரு பாதை போட்டது. 1898-ல அது திறந்தது. விவசாயி வரியில வந்த ரயிலும், பிரெஞ்சு அரசாங்கம் போட்ட ரயிலும் பேரளத்துல கைகோத்துக்கிட்டது. 1980-கள்ல "கட்டுப்படியாகல"ன்னு அந்தப் பாதையை மூடிட்டாங்க. தண்டவாளத்தைப் பேத்து எடுத்தது சுலபமா முடிஞ்சது. அதே இடத்துல அகலப் பாதையா மறுபடியும் போட்டு முடிக்க முப்பது வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு. இந்தத் தடவை ஆன செலவு கோடிக் கணக்குல. நஷ்டம்னு மூடினதுல மிச்சம் பிடிச்சது எவ்வளவு, திரும்பப் போட்டதுக்கு ஆனது எவ்வளவுன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

சரி, நம்ம பாண்டிச்சேரி. இங்க ரயில் வந்தது அதுக்கெல்லாம் முன்னாடியே, 1879-ல. விழுப்புரத்துல இருந்து வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் வழியா பாண்டிச்சேரி. பிரெஞ்சு எல்லைக்குள்ள இருந்த பாதைக்கு பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனின்னு தனியா ஒரு கம்பெனி. வண்டியை ஓட்டினது இங்கயும் அதே தென்னிந்திய ரயில்வேதான். எதுக்காக வந்தது? மல்லாட்டைக்காக. தென்னார்க்காடு ஜில்லாவுல விளைஞ்ச மல்லாட்டை மூட்டை மூட்டையா பாண்டிச்சேரி துறைமுகத்துக்கு வந்து, அங்க இருந்து கப்பல் ஏறி பிரான்ஸ்ல மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைக்குப் போச்சு. ஆளுங்களும் ஏறினாங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா கோடு கிழிச்சவங்க மனசுல மூட்டைதான் இருந்தது.

அதனாலதான் தெற்குப் பக்கம் பாகூருக்கோ, எங்க நெட்டப்பாக்கம் பக்கத்துக்கோ ரயில் எட்டிக்கூடப் பார்க்கல. நெல்லு விளையுற, ஏரி நிறைஞ்ச பூமி. கப்பல் ஏத்துற சரக்கு இல்ல. இன்னைக்கு வரைக்கும் எங்களுக்கு ரயில்னா வில்லியனூர் போகணும், இல்ல விழுப்புரம், இல்ல கடலூர்.

இன்னொரு சிக்கல் எங்க மண்ணுக்கே உரியது. பிரெஞ்சுக்காரனும் வெள்ளைக்காரனும் சண்டை போட்டு, ஒப்பந்தம் போட்டு, கடைசியில 1816-17-ல பிரெஞ்சுக்காரன் கைக்குத் திரும்பி வந்தப்ப பாண்டிச்சேரி ஒரே துண்டா இல்ல. நடுவுல நடுவுல வெள்ளைக்காரன் ஊரு. பஸ்ல ஒரு மணி நேரம் போனா பாண்டிச்சேரி, தமிழ்நாடு, மறுபடி பாண்டிச்சேரின்னு பலகை மாறி மாறி வரும். 1941-ல ரெண்டு அரசாங்கமும் சுங்க ஒப்பந்தம் பண்ணி கேட்டை எடுத்தாங்க. 1949-ல அது முறிஞ்சது. மறுபடி சோதனைச் சாவடி. 1954-ல இணைப்புப் போராட்டம் உச்சத்துக்கு வந்தப்ப நெருக்கடி இன்னும் கூடிச்சு. அந்த மார்ச் கடைசியில எங்க நெட்டப்பாக்கத்துலதான் கூபேர் ஆளுங்க இந்தியக் கொடி ஏத்தினாங்க. பக்கத்து ஊருக்குப் பொண்ணு கட்டிக் கொடுத்துட்டுப் பார்க்கப் போக முடியாம தவிச்ச கதையைப் பெரியவங்க வாயால கேட்டிருக்கேன். 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. சாவடி போச்சு.

சாவடி போச்சே தவிர, கோடு போகல. அந்தக் கோடு பஸ் பெர்மிட்ல உட்கார்ந்துக்கிச்சு. எங்க ஊர் பஸ் தமிழ்நாட்டு ஊரைத் தாண்டி வரணும்னா ரெண்டு அரசாங்கமும் பேசி ஒப்பந்தம் போடணும். இந்த ஊருக்கு ஒரு நடை கூட்டுங்கன்னு கேட்டா, அது ரெண்டு ஆபீஸ் வேலை ஆயிடுது.

1972-ல தமிழ்நாட்டுல என்ன பண்ணினாங்கன்னா, பெரிய பெரிய தனியார் பஸ் கம்பெனியை எல்லாம் அரசாங்கமே எடுத்துக்கிட்டு பல்லவன், பாண்டியன், சோழன், சேரன்னு கழகம் ஆரம்பிச்சாங்க. விழுப்புரத்தைத் தலைமையிடமா வச்சு 1975-ல தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் வந்தது. லாபம் இல்லாத ஊருக்கும் பச்சை பஸ் காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை போச்சு. அந்த ஒரு நடையிலதான் எத்தனையோ வீட்டுப் பிள்ளைங்க பத்தாவது தாண்டுச்சு. 2021 மே மாசத்துல இருந்து அங்க சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, அந்தக் காசை அரசாங்கம் கழகத்துக்குக் கொடுக்குது.

நம்ம பக்கம் கதை வேற மாதிரி. இங்க டவுன் பஸ் பெரும்பாலும் தனியார்தான். அரசாங்க பஸ்ஸே சுற்றுலாக் கழகத்தோட ஒட்டிக்கிட்டுதான் வளர்ந்தது. அப்புறம்தான் பி.ஆர்.டி.சி.ன்னு தனியா ஆச்சு. தனியார் பஸ்ஸைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. நிறுத்தின இடத்துல ஏத்திக்குவாங்க, கூடையைத் தூக்கிக் கொடுப்பாங்க, சில்லறை இல்லைன்னா நாளைக்குக் கொடுங்கம்பாங்க. ஆனா அவருக்கு டீசல் செலவு, வண்டிக் கடன், ஆள் சம்பளம் எல்லாம் டிக்கெட்ல இருந்தே வரணும். ராத்திரி எட்டு மணிக்கு மேல ஆறு பேருக்காக உள்ளூருக்குள்ள வண்டியைக் கொண்டு வரச் சொன்னா அவர் எங்க போவார்? நடையை வெட்டிடுறார். அதுல தப்பு அவருடையது இல்ல. அந்த ஆறு பேருக்கான காசை யாரும் அவருக்குக் கொடுக்கல.

அந்த ஆறு பேர் யாருன்னு பாருங்க. திருபுவனை தொழிற்பேட்டையில ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற பொண்ணு. பாண்டிச்சேரியில துணிக்கடையில நின்னு கால் வீங்கி வர்ற அம்மா. ஜிப்மர்ல புருஷனுக்குச் சோறு கொடுத்துட்டுத் திரும்புற பெரியம்மா. எங்க தெருவுல ஒரு பொண்ணு கல்லூரியில சேர்ந்து, சாயங்கால வகுப்பு முடிஞ்சா ஊருக்கு பஸ் கிடைக்கலன்னு பாதியில நின்னுடுச்சு. இது எந்த பஸ் கம்பெனி நஷ்டக் கணக்குலயும் வராது. அந்த வீட்டுக் கணக்குல மட்டும் ஆயுசுக்கும் இருக்கும்.

என் கணக்கையும் சொல்றேன். ரெண்டு காணியில நெல்லு போக கொஞ்சம் கத்திரி, வெண்டை. பெரிய மார்க்கெட்டுக்கு விடியறதுக்குள்ள சரக்கு போகணும். அந்த நேரத்துக்கு பஸ் இல்ல. நாலு பேர் சேர்ந்து குட்டியானை பிடிக்கிறோம், கூடைக்கு இவ்வளவுன்னு வாடகை. விலை விழுந்த நாள்ல வாடகை போக ஒண்ணும் மிஞ்சாது. வீட்டுல ரெண்டு பைக், ரெண்டுக்கும் தவணை. முன்னாடி எங்கப்பா ஒரு மாட்டு வண்டி, ஒரு சைக்கிள்ல குடும்பத்தை ஓட்டினார். அரசாங்கம் பஸ்ஸுக்குச் செலவு பண்ணலைன்னா செலவு இல்லாம போயிடாது. அது நம்ம தலையில பெட்ரோலா, தவணையா, ஆஸ்பத்திரிச் செலவா வந்து விழுது.

பணம் எங்க இருந்து வரும்னு கேட்பீங்க. நம்மளை ஆண்ட பிரான்ஸ் நாட்டுலயே ஒரு வழி வச்சிருக்காங்க. 1971-ல பாரிஸ் பக்கத்துல ஒரு வரி கொண்டு வந்தாங்க. ஆளுங்களை வேலைக்கு வச்சிருக்கிற கம்பெனி, கொடுக்கிற சம்பளத்துல ஒரு சின்ன பங்கை ஊர்ப் போக்குவரத்துக்குக் கட்டணும். தொழிலாளி வேலைக்கு வந்து சேர்றதுல முதலாளிக்கும் லாபம் இருக்கு, அதனால அவரும் கொடுக்கட்டும்ங்கிறது கணக்கு. அப்புறம் மத்த ஊருக்கும் அது பரவிச்சு. தஞ்சாவூர் காலணாவும் இதுவும் ஒரே புத்திதான். யாருக்குப் பலனோ அவங்ககிட்ட கொஞ்சம் கொஞ்சமா வாங்கு, வாங்கினதை அந்த வேலைக்கு மட்டுமே செலவு பண்ணு. நம்ம ஊர்லயும் தொழிற்பேட்டை இருக்கு, சனி ஞாயிறு நிறையுற ஓட்டல் இருக்கு, வரி குறைச்சல்னு வெளிமாநிலத்துக்காரர் வந்து நம்பர் வாங்கிப் போற விலை உசந்த கார் இருக்கு.

ஆக, அரசாங்கம் பஸ்ஸுக்கு இன்னும் செலவு பண்ணணுமான்னு கேட்டா, பண்ணணும்னுதான் சொல்லுவேன். ஆனா புது பஸ் வாங்கி கடற்கரை ரோட்டுல கொடியசைச்சு போட்டோ எடுக்கிறதுக்கு இல்ல. முதல் நடைக்கும் கடைசி நடைக்கும் கொடுங்க. தனியார் ஓட்டினாலும் சரி, அரசாங்கம் ஓட்டினாலும் சரி, ராத்திரி ஒன்பதரைக்கு ஊருக்குள்ள வந்து திரும்பினா இவ்வளவுன்னு கொடுங்க. வரலைன்னா பிடிச்சுக்குங்க.

வந்ததா வரலையான்னு யார் பார்க்கிறது? இங்கதான் பெரிய ஓட்டை. 1880-லயே பிரெஞ்சுக்காரன் இங்க கொம்யூன் ஏற்படுத்தி தேர்தல் வச்சான். சுதந்திர நாட்டுல நாம 1968-ல ஒரு தடவை உள்ளாட்சித் தேர்தல் நடத்தினோம். அடுத்தது 2006-ல. அவங்க காலம் 2011-ல முடிஞ்சது. அதுக்கப்புறம் எங்க பஞ்சாயத்துக்கு ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆள் இல்ல. தஞ்சாவூர்ல காலணா வாங்கினப்ப கேட்கிறதுக்கு ஒரு போர்டாவது இருந்தது, மிராசுதார் போர்டா இருந்தாலும். எங்களுக்குக் கடைசி பஸ் வரலைன்னா சொல்ல ஒரு மெம்பர்கூட இல்ல.

பஸ்ஸுக்குக் காசு கேட்கிறவங்க உள்ளாட்சித் தேர்தலையும் சேர்த்தே கேளுங்க. காசு மட்டும் வந்தா அது டவுனுக்குள்ளயே சுத்திக்கிட்டு நின்னுடும். எனக்குக் காலணா வரி போட்டாலும் கட்டத் தயார். அந்தக் காலணாவுக்கு ராத்திரி ஒன்பதரை பஸ் எங்க ஊர் ஆலமரத்துக்கிட்ட வந்து நின்னா போதும்.