மண் காத்த சாட்சி: நியூ பிலடெல்பியாவின் வீட்டுமனைகள்

ஏடுகளைக் கொண்டே வரலாறு எழுதிப் பழகியவர்கள் நாம். ஞானஸ்நானப் பதிவேடும், மிஷனெரிமாரின் கடிதங்களும், சங்கக் கூட்டக் குறிப்புகளுமே நம் சான்றுகள். ஆயின், எழுத்தறியாதவரும், எழுதுவோரால் பொருட்படுத்தப்படாதவரும் விட்டுச்சென்ற சான்று எங்கே உளது? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், பைக் மாவட்டத்து வயல்வெளியொன்றில் மாணவர் நிகழ்த்திய அகழாய்வு இவ்வினாவிற்கு விடை தேடத் துணைபுரிகிறது.

அவ்வயல் ஒருகாலத்தில் நியூ பிலடெல்பியா என்னும் ஊராயிருந்தது. அதனை நிறுவிய பிராங்க் மக்வொர்ட்டர் 1777ஆம் ஆண்டில் தென் கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். பின்னர் கென்டக்கியில் வாழ்ந்த காலத்தில், வெடியுப்புத் தயாரித்து விற்றுச் சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்தார். 1817இல் 800 டாலர் கொடுத்து முதலில் தம் மனைவி லூசியையே மீட்டார். தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமையே என்பது அந்நாளைய சட்டம். இனிப் பிறக்கும் பிள்ளையாவது விடுதலையுடன் பிறக்கவேண்டும் என்பதே இதன் பயன். தம்மை மீட்டுக்கொண்டது 1819இல், அதே விலைக்கு.

இல்லினாயில் குடியேறிய அவர், 1836இல் 42 ஏக்கர் நிலத்தை 144 மனைகளாகப் பிரித்து ஊராகப் பதிவு செய்தார். உள்நாட்டுப் போருக்கு முன், கறுப்பினத்தவர் ஒருவர் திட்டமிட்டுச் சட்டப்படி பதிவுசெய்த முதல் ஊர் இதுவே. மனை விற்ற பணம் அடிமைத்தனத்தில் எஞ்சியிருந்த உறவினரை மீட்கச் செலவாயிற்று. அவர் குடும்பத்தாரின் விடுதலைக்கு ஏறத்தாழ 14,000 டாலர் செலவானதாகக் கணக்கிடுவர். 1854இல் அவர் மரித்தார். 1869இல் இருப்புப்பாதை ஊரைத் தொடாமல் விலகிச் சென்றது, வணிகம் குன்றியது, குடிகள் பெயர்ந்தனர். வீடுகள் நின்ற இடங்களில் ஏர் ஓடியது.

2002, 2003ஆம் ஆண்டுகளில் ஆய்வாளர் அவ்வயலில் நடந்தே 7,000க்கும் மேற்பட்ட சிறு பொருள்களைத் திரட்டினர். 2004 முதல் பல கல்லூரி மாணவர்கள் கோடைதோறும் அங்கு அகழ்ந்தனர். உழுத மேல்மண்ணை நீக்கி, அடுக்கடுக்காகத் தோண்டி, மண்ணைச் சல்லடையிலிட்டு, கிட்டியவற்றைப் பத்திரங்களோடும் குடிமதிப்போடும் ஒப்புநோக்கினர். நிலவறைக் குழிகளும், கிணறுகளும், உடைந்த பீங்கானும், பொத்தான்களும், விலங்கெலும்புகளும் வெளிப்பட்டன.

குடிமதிப்பேடு ஒவ்வொரு பெயரருகிலும் நிறத்தைக் குறித்திருந்தது. மண்ணோ அவ்வாறு குறிக்கவில்லை. கறுப்பர் வீட்டுப் பாத்திரங்களுக்கும் வெள்ளையர் வீட்டுப் பாத்திரங்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இரு சாராரும் ஒரே சந்தையில் ஒரே வகைப் பொருளை வாங்கியுள்ளனர்.

இதனைக் கண்டு, அங்கே சமத்துவம் நிலவியது என முடிவுகட்டலாமோ? ஆகாது. ஒரேவிதத் தட்டில் உண்பது வேறு. ஒரே பந்தியில் உண்பது வேறு. 1853ஆம் ஆண்டுச் சட்டம் கறுப்பர் இல்லினாயில் புதிதாகக் குடியேறுவதையே தடைசெய்தது. அவர்கட்கு வாக்குரிமை இல்லை. நீதிமன்றத்தில் வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்லும் உரிமையும் இல்லை. அருகருகே மனை கொண்டு வாழ்ந்தோருக்குக் கல்லறைத் தோட்டங்கள் மட்டும் தனித்தனியே இருந்தன.

ஆகவே ஏடு மறைத்ததை மண் காட்டுகிறது; மண் சொல்லாததை ஏடு சொல்லுகிறது. இரண்டையும் ஒருங்கே கேட்பவரே நேர்மையான வரலாற்றாசிரியர். இவ்விடம் 2009இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும், 2022இல் தேசியப் பூங்காத்துறையின் பொறுப்பில் வரும் வரலாற்றிடமாகவும் ஆக்கப்பட்டது.

தம் சபையின் வரலாற்றை எழுதப் புகும் ஊழியர், பதிவேட்டை மூடிவைத்தபின் ஊரையும் ஒருமுறை சுற்றி வருவாராக. பழைய குடியிருப்பின் அடித்தளம் எங்கே, கிணறு யாருடையது, கல்லறைத் தோட்டத்தின் வேலி எவ்விடத்தில் போடப்பட்டது என்று பார்ப்பாராக. ஏட்டில் இடம்பெறாதோரின் சாட்சி அங்கே காத்திருத்தல் கூடும்.