யார் யாருக்கு வழிவிடுவது?

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. சுமையோடு திணறி ஏறிவரும் லாரியைக் கண்டால், இறங்கிவரும் பேருந்து வளைவோரம் ஒதுங்கி நிற்கும். ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கையுயர்த்துவர், அவ்வளவுதான். முன்பின் அறியாத இருவருக்கிடையிலான இந்தச் சிறு மரியாதைக்குப் பின்னே மிகப் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது.

மகாபாரதத்தின் ஆதி பருவத்தில், ஒருவர் மட்டுமே செல்லத்தக்க பாதையில் கல்மாஷபாதன் என்னும் அரசனும் வசிட்டரின் மகன் சக்தியும் எதிர்ப்படுகிறார்கள். விலகு என்கிறான் அரசன். அந்தணனுக்கு அரசனே வழிவிட வேண்டும் என்கிறான் சக்தி. அரசன் கசையால் அடிக்கிறான், முனிமகன் சபிக்கிறான். அரக்கனாகிவிட்ட அரசனுக்கு முதல் இரை அந்தச் சக்தியே.

பௌத்தர்களின் ராஜோவாத ஜாதகம் இதே சிக்கலை வேறு விதமாக அவிழ்க்கிறது. பள்ளமான வண்டிப்பாதையில் கோசல மன்னன் மல்லிகனின் தேரும் காசி மன்னன் பிரமதத்தனின் தேரும் எதிரெதிரே நிற்கின்றன. தேரோட்டிகள் முதலில் வயதைக் கேட்கிறார்கள், சமம். நாட்டின் பரப்பு, படை, செல்வம், புகழ், குலம் என ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறார்கள், எல்லாம் சமம். எஞ்சியது குணம். வன்மைக்கு வன்மை, மென்மைக்கு மென்மை என்பது தன் அரசனின் வழி என்கிறான் கோசலத் தேரோட்டி. தன் அரசன் சினத்தைச் சினமின்மையாலும் தீமையை நன்மையாலும் வெல்பவன் என்கிறான் மற்றவன். அதைக் கேட்டதும் மல்லிகனும் அவன் தேரோட்டியும் இறங்கிக் குதிரைகளை அவிழ்த்து, தேரை அகற்றி வழிவிடுகிறார்கள்.

அழகிய கதைதான். எனினும் இங்கும் வழி உயர்ந்தவருக்கே. உயர்வின் அளவுகோல் மட்டுமே மாறியிருக்கிறது. மனுஸ்மிருதியின் வழிவிடும் பட்டியலில் முதியவர், நோயாளி, சுமை தூக்குபவர், பெண் ஆகியோர் இடம்பெறுவது உண்மையே. ஆனால் அவர்களுக்கும் மேலாக அரசனும், அவனுக்கும் மேலாகக் கல்வி முடித்த அந்தணனும் வைக்கப்படுகின்றனர். இந்த வரிசையில் இடமே பெறாதவர்களுக்குச் சாலையே மறுக்கப்பட்டது. 1893இல் திருவிதாங்கூரில், புலையர் குலத்தில் பிறந்த அய்யன்காளி தலைப்பாகை அணிந்து வில்வண்டியில் பொதுச்சாலையில் சென்றது அதனாலேயே ஒரு போராட்டமாயிற்று.

இந்தியச் சாலை விதிகள் 1989இல் வகுக்கப்பட்டபோது, குறுகிய மலைப்பாதையில் இறங்கும் வண்டி ஒதுங்கி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்றன. ஏற்றத்தில் நின்ற வண்டியை மீண்டும் கிளப்புவது கடினம் என்பதே காரணம். வண்டியில் இருப்பவர் யார் என்ற கேள்வியே அங்கு எழவில்லை. பெரிய மனிதர்களின் கார்கள்மீது சுழன்ற சிவப்பு விளக்கு அகல மட்டும் 2017 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விளக்கு போயிற்று, அதன் மனநிலை போயிற்றா? பின்னாலிருந்து ஓயாமல் ஒலிக்கும் ஹாரனில், நான் யார் தெரியுமா என்ற கல்மாஷபாதனின் குரலையே நாம் இன்றும் கேட்கிறோம். எளிதில் நிற்கக்கூடியவன் நிற்பதே சாலையின் பண்பு. கொல்லிமலை ஓட்டுநருக்கு இதை எந்த ஜாதகக் கதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.