வாடகை வீட்டின் ஈரத் தரைக்குச் செலவில்லாத விரிப்பு

நமுனுகுல மலையடியில் பழைய வாடகை வீடொன்றில் வசிக்கிறேன். வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் சீமெந்துத் தரை ஈரமாகிவிடும். வீடு நமதல்லவே, எதையும் நிரந்தரமாகப் பதிக்க முடியாது.

முதலில் சோதியுங்கள். பொலித்தீன் துண்டொன்றின் நான்கு ஓரங்களையும் தரையில் ஒட்டி ஒருநாள் விடுங்கள். அடியில் நீர் கோத்திருந்தால், ஈரம் நிலத்திலிருந்து வருகிறது.

அப்படியானால் தடித்த பொலித்தீன் அல்லது பழைய தறப்பாளை விரியுங்கள். அதன்மேல் கழுவிக் காயவைத்த கோதுமை மாச் சாக்குகளைத் தைத்துப் போடுங்கள். அதற்கும் மேல் பழைய சேலைகளை மடித்துத் தைத்த விரிப்பு. உரம், பூச்சிமருந்து வந்த பைகள் வேண்டாம். பிள்ளைகள் தவழும் இடம். வெயில் கண்ட நாளில் எல்லாவற்றையும் தூக்கிக் காயவையுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

முகாமில் தறப்பாள்மீது படுத்தெழுந்தவர்களுக்கு இது பழகிய வேலைதான். வீடு மாறும்போது சுருட்டிக்கொண்டு போகலாம்.