பாஸ்வேர்டு போட்டதும் படுத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்

நம் வயதுக்காரர்கள் வீட்டில், பரணிலோ மேஜை மூலையிலோ, ஒரு பழைய கம்ப்யூட்டர் இன்னும் இருக்கும். பிள்ளைகள் கல்லூரியில் படித்தபோது வாங்கியது. பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றும், விண்டோஸ் படம் வரும், பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதே என்று பாஸ்வேர்டைத் தட்டி எண்டரை அழுத்தினால், நீலத்திரை ஒன்று மின்னி மறையும். மறுபடி முதலிலிருந்து விசிறி, படம், பாஸ்வேர்டு. எத்தனை முறை முயன்றாலும் அதே இடத்தில் விழும்.

தொலைபேசித் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் எக்ஸ்சேஞ்சில் பழுது பார்த்தவன் என்பதால், இந்தத் தொல்லையோடு என்னிடம் வருகிறவர்கள் உண்டு. பாஸ்வேர்டு போட்ட உடனே விழுவதால், பாஸ்வேர்டில்தான் ஏதோ கோளாறு என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அது அப்படியல்ல. ஏன் சரியாக அந்த இடத்தில் விழுகிறது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால், பழுதைத் தேடுவதும் எளிது. எதைச் செய்யக்கூடாது என்பதும் புரியும்.

பூட்டு வந்த கதை

கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு போடும் வழக்கம் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் தொடங்கியது. 1961-ல் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் அங்கே சி.டி.எஸ்.எஸ். என்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். ஒரே பெரிய கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே சமயத்தில் பயன்படுத்தலாம். ஒருவர் கோப்பை இன்னொருவர் தொடாமல் இருக்க ஆளுக்கொரு பாஸ்வேர்டு. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்று 1962-லேயே பாஸ்வேர்டுப் பட்டியல் முழுவதையும் அச்சடித்து எடுத்துக்கொண்டார். பூட்டு வந்த கையோடு கள்ளச்சாவியும் வந்துவிட்டது!

1981 ஆகஸ்டு 12 அன்று ஐ.பி.எம். வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டரில் இந்தப் பூட்டு கிடையாது. ஒருவருக்கு ஒரு பெட்டி, அவரிடம் எதற்குப் பாஸ்வேர்டு? நாம் பின்னாளில் பார்த்த விண்டோஸ் 95, 98 இரண்டும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டன. ஆனால் அது ஒப்புக்குத்தான். எஸ்கேப் கீயை அழுத்தினால் உள்ளே போய்விடலாம்.

இதற்கிடையே அலுவலகங்களுக்கென்று 1993-ல் விண்டோஸ் என்.டி. வந்தது. அதில் பூட்டு நிஜப் பூட்டு. உள்ளே போகக் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஐ.பி.எம். பொறியாளர் டேவிட் பிராட்லி, கம்ப்யூட்டரைச் சட்டென்று மறுபடி கிளப்புவதற்காக அமைத்த கூட்டு அது. வேறெந்த நிரலும் அதை இடைமறிக்க முடியாது என்பதால், போலி லாகின் திரையை வைத்து யாரும் ஏமாற்றாமல் இருக்க என்.டி.யில் அதையே வாசல் மணியாக வைத்தார்கள்.

2001 அக்டோபர் 25 அன்று விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தது. 98-ன் பரம்பரையை விட்டுவிட்டு, என்.டி.யின் அஸ்திவாரத்தை வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தார்கள். வங்கிக் காவலாளியை நம் வீட்டுத் திண்ணையில் நிறுத்தியது போல. நல்லதுதான். ஆனால் அன்றிலிருந்து லாகின் என்பது ஒப்புக்கு ஒரு கேள்வியாக இல்லாமல், பல வேலைகள் ஒன்றாக வந்து மோதும் சந்திப்பாகிவிட்டது.

எண்டர் அழுத்திய பின் நடப்பது

பாஸ்வேர்டு கேட்டுக் காத்திருக்கும்போது கம்ப்யூட்டர் கிட்டத்தட்டச் சும்மா இருக்கிறது. எண்டர் அழுத்தியதும், எல்சாஸ் என்ற காவலாளி நிரல் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும். பிறகு உங்கள் பெயரில் உள்ள சொந்த அமைப்புக் கோப்பு திறக்கப்படும். யூசர்இனிட் என்ற நிரல் மேஜைத் திரையை விரிக்கும். கூடவே வைரஸ் தடுப்பு, பிரிண்டர், ஸ்கேனர், பேரன் பதிந்து வைத்த பாட்டு நிரல் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்திருக்கும். ஹார்ட் டிஸ்க் ஓடும், பிராசஸரின் சூடு ஏறும், அது இழுக்கும் மின்சாரம் ஒரேயடியாகக் கூடும்.

மாடி ஏறும்போது மூச்சு வாங்கினால் குறை படிக்கட்டில் இல்லை, நெஞ்சில்தான் என்று நமக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான். எங்கே பலவீனம் இருந்தாலும் அது வெளியே தெரியும் முதல் இடம் லாகின்.

விழ வைத்தவை மூன்று

முதலாவது, புழுக்கள். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் வந்தது. டயல்-அப்பில் இணையத்தில் சேர்ந்த சிறிது நேரத்திலேயே, "60 விநாடியில் அணைந்துவிடும்" என்ற அறிவிப்பு எண்ணிக்கையோடு வந்தது பலருக்கு நினைவிருக்கும். 2004 ஏப்ரல் கடைசியில் வந்த சாஸர், நேராக எல்சாஸ் என்ற அந்தக் காவலாளியின் ஓட்டை வழியாகவே நுழைந்தது. காவலாளி விழுந்தால் கம்ப்யூட்டர் தன்னை அணைத்துக்கொண்டு மறுபடி கிளம்பும். அதை எழுதிய பதினெட்டு வயது ஜெர்மன் மாணவர் மே மாதமே பிடிபட்டார். அந்த ஆகஸ்டில் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2, ஃபயர்வாலைத் தானாகவே போட்டுவைத்தது.

இரண்டாவது, உளவு நிரல்கள். சில, யூசர்இனிட் இருக்க வேண்டிய இடத்தில் தங்கள் பெயரை எழுதிக்கொண்டன. தடுப்பு நிரல் அந்தத் திருடனை அழித்துவிடும், ஆனால் அந்த இடத்தில் பழைய ஆளை மறுபடி உட்கார வைக்காது. விளைவு, உள்ளே போனதும் உடனே வெளியே தள்ளும், திரும்பத் திரும்ப.

மூன்றாவதைத்தான் யாரும் சந்தேகிப்பதில்லை. மதர்போர்டில் பிராசஸரைச் சுற்றிச் சிறு தகர டப்பாக்கள் போல நிற்பவை கெப்பாசிட்டர்கள். சீலிங் ஃபேனுக்குப் போடும் கண்டென்சரின் தூரத்து உறவு. பிராசஸருக்குப் போகும் மின்சாரம் ஏற்ற இறக்கம் இல்லாமல் சீராக இருக்கச் செய்வது அவற்றின் வேலை. ஏறக்குறைய 1999 முதல் 2007 வரை, தைவானில் தயாரானவை உட்படப் பல கெப்பாசிட்டர்களின் உள்ளே இருந்த திரவக் கலவை சரியில்லை. உள்ளே வாயு உண்டாகி, தலை உப்பி, வெடித்து, பழுப்பு நிறக் கசிவு வந்தது. யாரோ திருடிய சூத்திரம் அரைகுறையாகப் போனதால் வந்த வினை என்று அப்போது பத்திரிகைகளில் ஒரு கதையும் வந்தது. ஆங்கிலத்தில் இதைக் கெப்பாசிட்டர் பிளேக் என்றே சொல்கிறார்கள். இந்தப் பழுதுகளைச் சரிசெய்ய டெல் நிறுவனம் 2005-ல் 30 கோடி டாலர் செலவுக் கணக்கு எழுதியது. அந்த வருடங்களில் நம் ஊர்க் கடைகளில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்த பெட்டிகள் மட்டும் தப்புமா?

தலைமை ஆசிரியர் வீட்டுப் பெட்டி

கும்பகோணத்தில் என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். 2003-ல் வாங்கிய கம்ப்யூட்டரில் தன் கிராமத்தின் வரலாற்றைத் தட்டச்சு செய்துவந்தார். ஊர்ப் பள்ளி தொடங்கிய கதை, குளம் வெட்டிய கணக்கு, 1952 நவம்பர் புயலைக் கண்ணால் பார்த்தவர்கள் சொன்னவை. ஆறு வருடம் வீடுவீடாகப் போய்க் கேட்டு எழுதியது. சொன்னவர்களில் பெரும்பாலோர் அதற்குள் காலமாகிவிட்டார்கள். வேறு பிரதி கிடையாது. 2012 மழைக்காலத்தில் அந்தப் பெட்டி லாகினில் விழ ஆரம்பித்தது.

கடையிலிருந்து வந்த பையன் பார்த்துவிட்டு, "ஃபார்மட் பண்ணிடலாம் சார், அரை மணி நேர வேலை" என்றானாம்.

"உள்ளே இருக்கிறதெல்லாம் என்ன ஆகும் தம்பி?"

"அது போயிடும் சார்."

அன்று ராத்திரி எனக்குப் போன் வந்தது. "எதுக்கும் சரின்னு சொல்லிடாதீங்க சார், நாளைக்குக் காலையில வரேன்" என்றேன்.

முதல் வேலையாக ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினேன். யூ.எஸ்.பி.யில் மாட்டும் அடாப்டர் ஒன்று இருந்தால், பழைய ஹார்ட் டிஸ்க்கையும் பென் டிரைவ் மாதிரி வேறு கம்ப்யூட்டரில் படிக்கலாம். நண்பரின் மகன் மடிக்கணினியில் மாட்டினோம். கோப்புறை இருந்தது. முழுவதையும் நகல் எடுத்து, ஒரு சி.டி.யிலும் ஏற்றிய பிறகுதான் காபி குடித்தோம்.

அதன் பிறகுதான் பழுது. எக்ஸ்பி கிளம்பும்போது எஃப்8 கீயை விட்டுவிட்டுத் தட்டினால் ஒரு பட்டியல் வரும். அதில் "கடைசியாகச் சரியாக இருந்த அமைப்பு" என்று ஒன்று உண்டு. லாகின் வெற்றிகரமாக முடிந்தால்தான் விண்டோஸ் ஓர் அமைப்பைச் சரியானது என்று குறித்துக்கொள்ளும். ஆகவே லாகினில் விழும் கம்ப்யூட்டருக்கு இது முதல் மருந்து. அதில் பலன் இல்லை. அதே பட்டியலில் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்திவிட்டு நீலத்திரையைப் படித்தேன். முதல் முறை ஓர் எண், அடுத்த முறை வேறு எண், மூன்றாம் முறை இன்னொன்று. ஒரே நிரல் கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே எண் வரும். தினம் ஒரு எண் வந்தால் சந்தேகம் இரும்பின் பக்கம் போக வேண்டும். பிறகு சேஃப் மோடு. உள்ளே போனது, பத்து நிமிடத்தில் உறைந்தது. வேலை குறைவாக இருந்தால் கொஞ்சம் தாங்குகிறது என்று அர்த்தம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றினோம். தூசி தட்டி, ராம் அட்டையின் கால்களை ரப்பரால் தேய்த்து மாட்டியும் மாற்றமில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். பிராசஸர் பக்கத்தில் ஐந்து கெப்பாசிட்டர்கள், தோசைக்கல்லில் போட்ட அப்பளம் போலத் தலை உப்பி நின்றன.

6.3 வோல்ட், 3300 மைக்ரோஃபாரட். அதே அளவில், 105 டிகிரி தாங்கும் வகையாகச் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்தோம். கோடு போட்ட பக்கம் மைனஸ் என்று பார்த்து, பழக்கமான ரேடியோ மெக்கானிக் ஒருவர் சால்டர் செய்து கொடுத்தார். அன்று மாலை கம்ப்யூட்டர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் உள்ளே போனது.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஃபார்மட் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆறு வருட எழுத்து போயிருக்கும். உப்பிய கெப்பாசிட்டர் அப்படியே இருப்பதால், கம்ப்யூட்டர் மறுபடியும் விழுந்துகொண்டே இருந்திருக்கும்.

எழுத்து வந்தது, தமிழ் வரவில்லை

கதை அங்கே முடியவில்லை. நகல் எடுத்த கோப்பை மடிக்கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்தும் குறியீடுகளும் கலந்த கூழ். நண்பரின் முகம் வாடிவிட்டது.

காரணம் அந்தக் காலத்து ஃபான்ட். ஒவ்வொரு நிறுவனமும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்துத் தன் இஷ்டப்படி எழுத்துரு செய்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு, டாம், டாப் என்ற பொது முறைகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் கொண்டுவந்தது. யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் இருந்தும், வீடுகளில் அது பரவ வெகு காலம் ஆனது. 2010-ல்தான் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அப்படிப்பட்ட பழைய ஃபான்ட்டுகளில் தட்டச்சு செய்தவை எல்லாம், அந்தந்த ஃபான்ட் இருந்தால் மட்டுமே தமிழாகத் தெரியும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்ற அறையில் அந்த எழுத்துரு பத்திரமாக இருந்தது. அதை மடிக்கணினியில் போட்டதும் கூழ் தமிழானது. பிறகு எழுத்துமாற்றி நிரலால் முழுவதையும் யூனிகோடாக்கி, ஒரு வாரம் உட்கார்ந்து பிழை திருத்தினோம். ஃபார்மட் செய்திருந்தால் இந்த ஃபான்ட்டும் போயிருக்கும்.

எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-உடன் பாதுகாப்பு உதவி நின்றது. ஆகவே பழைய பெட்டியைச் சரிசெய்தாலும் இணையத்தில் சேர்க்காதீர்கள். உங்கள் வீட்டில் அப்படியொன்று இருந்தால் இந்த வரிசையை மட்டும் மனதில் வையுங்கள். முதலில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி நகல், ஃபான்ட்ஸ் அறையையும் சேர்த்து. அடுத்து எஃப்8. அடுத்து டார்ச். பவர் சப்ளை டப்பாவை மட்டும் நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். ஃபார்மட் என்ற வார்த்தையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் அவசரப்பட்டால், "தம்பி, அந்த ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி என் கையில கொடுத்துடு" என்று சொன்னால் போதும்.