கீற்று மேகம்: ஒரு கலைச்சொல்லின் வரலாறு

மேகங்களுக்கு முறையாகப் பெயரிடும் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது. 1802இல் பிரான்சில் லாமார்க் பிரெஞ்சுப் பெயர்களைக் கொண்ட ஒரு பகுப்பை வெளியிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் இலண்டனில் லூக் ஹோவர்ட் இலத்தீன் பெயர்களைக் கொண்ட பகுப்பை முன்வைத்தார். நிலைபெற்றது பின்னதே. எந்த நாட்டின் வழக்குமொழியையும் சாராமையும், இரு பெயர்களை இணைத்து மூன்றாவதை ஆக்க இடந்தருவதும் அதன் சிறப்புகளாகும். அவர் உயர்ந்த, இழை போன்ற மேகத்துக்கு இட்ட பெயர் 'சிர்ரஸ்'. மயிர்ச்சுருள் என்பது அதன் பொருள்.

தமிழில் மேகத்தைக் குறிக்கும் பழஞ்சொற்கள் பலவும் மழையொடு பிணைந்தவை. கொண்மூ நீரைக் கொண்டது. கார் கருமையால் பெயர்பெற்று மழைப் பருவத்தையும் சுட்டியது. மழை, புயல் ஆகிய இரண்டும் பழந்தமிழில் மேகத்தையும் குறித்தன. பிற்காலத்தில் முன்னது பொழிவுக்கும் பின்னது சூறைக்காற்றுக்கும் உரியனவாயின. நிலத்துக்கு மழை தாராத உயர்மேகத்தைத் தனித்துச் சுட்டும் சொல் இவற்றுள் இல்லை.

இவ்விடைவெளியை நிரப்பியது 'கீற்று'. 'கீறு' என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல் தென்னங்கீற்று, ஒளிக்கீற்று என வழக்கிலுள்ளது. மயிர்ச்சுருள் என்னும் உவமை நீங்கினும், வடிவத்தால் பெயரிடும் நெறி காக்கப்பட்டது. கீற்றுத்திரள், கீற்றுப்படை எனக் கூட்டுப்பெயர்களும் எளிதில் அமைந்தன. இதனை 'வெண்மேகம்' என்றோ 'பஞ்சு மேகம்' என்றோ பெயர்ப்பது இவ்வமைப்பைச் சிதைக்கும். பஞ்சு என்னும் உவமை திரள் மேகத்துக்கே பொருந்தும்.

வெப்பமண்டலத்தில் கீற்று மேகங்கள் ஏறத்தாழ 6 முதல் 18 கி.மீ. வரையிலான உயரத்தில், பனிப்படிகங்களால் ஆனவை. அந்தமான் கடலில் உருவாகும் புயல்களின் உச்சியிலிருந்து வெளியேறும் காற்றில் இவை நெடுந்தொலைவு பரவுகின்றன. ஆதலின் புயல் நெருங்குமுன்னரே இவை கண்ணுக்குப் புலப்படக்கூடும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹவானாவில் பெனித்தோ வீஞெஸ் இவற்றின் போக்கைக் கொண்டு புயலின் இருப்பிடத்தை மதிப்பிட்டார். தான் மழை பொழியாவிடினும் வரும் மழையை அறிவிப்பது இம்மேகம் எனலாம்.

தட்பவெப்பம் பற்றிய நூல்களில் இச்சொல்லின் துல்லியம் மேலும் இன்றியமையாதது. மெல்லிய கீற்று மேகம் கதிரவன் ஒளியைப் பெரிதும் உள்ளே விடுகிறது; புவியினின்று வெளியேறும் வெப்பத்தின் ஒரு பகுதியைத் தடுக்கிறது. எனவே அதன் நிகர விளைவு பொதுவாக வெப்பமாதலே. தாழ்ந்த படைமேகமோ பெரும்பாலும் குளிர்விப்பது. இரண்டையும் வெறுமனே 'மேகம்' எனப் பெயர்த்தால் மூலத்தின் கருத்தே தலைகீழாகும்.

2017இல் உலக வானிலை அமைப்பின் பன்னாட்டு மேக வரைநூல், குறைந்தது 10 நிமிடம் நிலைக்கும் வானூர்தித் தடங்களையும் 'ஹோமோஜெனிட்டஸ்' என்னும் அடைமொழியுடன் கீற்று இனத்தில் சேர்த்தது. மனிதனால் உண்டானது என்பது அவ்வடையின் கருத்து. 'மனிதவினைக் கீற்று' என்பது இதற்கு ஏற்ற தமிழாக்கமாகலாம். உருவத்தையும் காரணத்தையும் அது ஒருங்கே உணர்த்தும்.