நான்கு சென்டிமீட்டர் ஆளுக்கு ஒரு விண்வாகனம்

காளவாசல் என்றால் செங்கல் சூளை என்று பொருள். எங்கள் பகுதியில் இன்று சூளைப் புகை கிடையாது. பாலமும் சிக்னலும் நெரிசலும்தான். பெயரில் மட்டும் செங்கல் மிச்சமிருக்கிறது. இன்றைக்கு எழுதப்போவது களிமண் செங்கல் பற்றியல்ல, லெகோ என்கிற பிளாஸ்டிக் செங்கல் பற்றி.

டென்மார்க்கில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-ல் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். இன்று நாம் பார்க்கும் செங்கலுக்கு 1958 ஜனவரியில் காப்புரிமை கேட்டார்கள். குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ., செங்கலின் உயரம் 9.6 மி.மீ. அந்த அளவு இன்றுவரை மாறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஏறக்குறைய 20 வருஷம் வீடு, கார், ரயில் எல்லாம் வந்தும் ஏறி உட்கார ஆளில்லை. 1974-ல் வந்த குடும்பப் பொம்மைகள் வண்டிக்குப் பொருந்தாத பெரிய உருவங்கள். 1975-ல் வந்த சின்ன உருவத்துக்கு முகமும் இல்லை, கை அசையவும் இல்லை. 1978-ல்தான் யென்ஸ் நியூகார்ட் க்னுட்சன் வடிவமைத்த சிறு மனிதன் வந்தான். சுமார் 4 செ.மீ. உயரம். கை பிடிக்கும், இடுப்பு மடங்கும். விண்வெளித் தொகுப்புகளும் அதே ஆண்டுதான் வெளிவந்தன. அவற்றுக்கும் முன்னின்றவர் அவரே.

ஆள் வந்ததும் வண்டியின் கணக்கே மாறிவிட்டது. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் எனக்கு உடனே ஜூல் வெர்ன் ஞாபகம் வந்தார். 1865-ல் அவர் எழுதிய சந்திரப் பயண நாவலில், பால்டிமோர் பீரங்கிக்காரர்கள் நிலாவை நோக்கிச் சுட முதலில் தீர்மானித்தது 9 அடி விட்டமுள்ள வெறும் அலுமினிய உருண்டை. பாரிசிலிருந்து மிஷேல் ஆர்தான் என்பவர் தந்தி அடிக்கிறார்: உருண்டை வேண்டாம், கூம்பு முனையோடு செய்யுங்கள், உள்ளே நான் வருகிறேன் என்று. அவ்வளவுதான். 12 அடி உயரம், ஜன்னல், மெத்தை வைத்த சுவர், அதிர்ச்சி தாங்க அடியில் 3 அடித் தண்ணீர், காற்றுக்கு ஏற்பாடு எல்லாம் வந்து சேர்கின்றன. குண்டு வாகனமாகிவிட்டது. மதுரைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அழகர் ஏறாவிட்டால் தங்கக் குதிரைக்கு வைகையில் என்ன வேலை?

லெகோ ஆளுக்கு வண்டி கட்டுவது பார்ப்பதற்குத்தான் சுலபம். என் பேரன் கையிலிருந்த உதிரித் துண்டுகளைக் கொண்டு ஒற்றை ஆள் பறக்கும் ஸ்கூட்டர் ஒன்றைத் தானே வடிவமைத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உட்காரும் இடம் 2 குமிழ் அகலம் போதும். கைகளையும் சேர்த்தால் 3 வேண்டும். அதனால் இருபுறமும் உயரமான சுவர் எழுப்பினால் ஆள் இறங்கமாட்டான். தொடையின் பின்பக்கத்துத் துளை குமிழில் மாட்டிக்கொள்ளும், ஆகவே கவிழ்த்தாலும் விழமாட்டான். கை பிடிப்பது சுமார் 3.2 மி.மீ. கம்பியை மட்டும், முழங்கை மடங்காது. கைப்பிடி ஒரு குமிழ் தள்ளிப்போனாலும் எட்டாது. மூன்று முறை பிரித்து மாட்டினான். இறக்கையை அப்புறம் வைக்கலாம், முதலில் ஆசனம் என்று அவனே கண்டுகொண்டான்.

நிறுவனமே 1979-ல் இப்படி ஒற்றை ஆள் விண்வெளி ஸ்கூட்டர் ஒன்றை விற்றது, கைக்கு அடக்கமான சின்னத் தொகுப்பு. அதே ஆண்டின் பெரிய கப்பல் 'கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர்'. அந்தக் காலத்து வீரர்கள் எல்லோரும் சிரித்த முகம். ஆராய்ச்சிக்குப் போனவர்கள், சண்டைக்கல்ல. நவீனப் போர்க்கருவி செய்வதில்லை என்பது நிறுவனத்தார் பிடித்துவைத்திருந்த கொள்கை. கோட்டைத் தொகுப்பில் வாள் உண்டு, பழைய காலத்துச் சண்டை என்று விட்டுவிட்டார்கள் போலும்! பிள்ளைகள் விடுவார்களா? ஒலிபெருக்கித் துண்டையே துப்பாக்கியாகப் பிடித்துக்கொண்டார்கள். 1999-ல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' தொகுப்புகளுக்கு உரிமம் வாங்கும்போது, பெயரிலேயே போர் இருக்கிறதே என்று உள்ளுக்குள் எதிர்ப்பு இருந்தது. கடைசியில் வாங்கினார்கள்; முதல் வருஷத்திலேயே காட்டுக்குள் பறக்கும் வேக பைக்குகள் வந்துவிட்டன. வியாபாரக் கணக்கில் அது சரியாக இருக்கலாம். எனக்கென்னவோ பழைய ஸ்கூட்டர்தான் பிடிக்கிறது. பேரன் கட்சி வேறு. அவன் ஸ்கூட்டரின் முன்னால் இரண்டு குழல் நீட்டிக்கொண்டிருக்கிறது.

2022-ல் நிறுவனத்தின் 90-வது ஆண்டுக்காக கேலக்ஸி எக்ஸ்ப்ளோரரை 1,254 துண்டுகளில் பெரிதாக்கி மறுபடி வெளியிட்டார்கள். ஆள் மட்டும் பெரிதாகவில்லை. சிவப்பு உடையில் இருவர், வெள்ளையில் இருவர், அதே 4 செ.மீ., அதே சிரிப்பு.